மண்ணையும் நீரையும் காக்கும் ஊக்கத்தொகைத் திட்டங்கள்: வில்லியனூர், பாகூர் விவசாயிகள் சேரும் முன் பார்க்க வேண்டியவை

இயற்கை விவசாயம், சொட்டுநீர்ப் பாசனம், பசுந்தாள் உரம், கார்பன் கிரெடிட் என்று மண்ணையும் நீரையும் காப்பாற்றுவதற்கு விவசாயிக்குப் பணம் தரும் திட்டங்கள் இன்று பல இருக்கின்றன. ஆனால் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "எவ்வளவு பணம் வரும்? எப்போது வரும்? மகசூல் குறைந்தால் யார் பொறுப்பு?" மூன்றுமே நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடும் விவசாயி இரண்டாம் ஆண்டில் விலகிவிடுகிறார். பதில் தெரிந்து சேருபவர் நீடிக்கிறார்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் விவசாயிகள் இந்தத் திட்டங்களை எப்படிப் புரிந்துகொள்வது, எதில் சேருவது, எதில் நிதானிப்பது என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

நம் பகுதியில் எதைக் காப்பாற்ற வேண்டியுள்ளது?

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது பாகூர். தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆறும், சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் பெறும் ஊசுட்டேரியும் ஆதாரம். ஏரிகள் முறையாக நிரம்பிய காலத்தில் ஆயக்கட்டு நிலம் ஏரிப் பாசனத்திலேயே விளைந்தது. கோடைக்குக் கிணறு துணையாக இருந்தது.

ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பிறகு நிலைமை மாறிவிட்டது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்கும் நிலத்தடி நீரையே இறைக்கிறோம். இறைக்கும் அளவுக்கு மழைநீர் கீழே இறங்குவதில்லை. பாகூர் கொம்யூனின் கடலோரக் கிராமங்களில் இதன் விளைவை நேரில் பார்க்கலாம். நல்ல நீர்மட்டம் கீழே போனதும் கடல்நீர் உள்ளே நகர்கிறது. ஒருமுறை உவர்ந்த கிணறு அடுத்த மழைக்கே தெளிந்துவிடாது. உவர்நீரை நன்னீர் தள்ளி வெளியேற்றப் பல ஆண்டு நல்ல மழையும் குறைந்த இறைப்பும் வேண்டும்.

இதைக் கட்டுப்படுத்த 2002-இல் புதுச்சேரி அரசு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. புதிய கிணறு தோண்ட அனுமதி வேண்டும் என்பது அதன் அடிப்படை. புதிய கிணற்றை இப்படித் தடுக்க முடியும். ஆனால் இருக்கிற கிணற்றில் குறைவாக இறைக்கும்படி ஒரு விவசாயியைச் சட்டத்தால் மட்டும் செய்ய வைக்க முடியாது. ஊக்கத்தொகைத் திட்டங்கள் அந்த இடத்தில்தான் உதவுகின்றன.

பணம் தருவதன் நோக்கம் என்ன?

ஒரு விவசாயி நீரை மிச்சப்படுத்தினால் அதன் பலன் அவருக்கு மட்டும் போவதில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரர், கீழ்மடைக்காரர், ஊர்க் குடிநீர்த் தொட்டி என எல்லோருக்கும் போகிறது. ஆனால் செலவும் சிரமமும் அவருடையது. மின்மோட்டாருக்கு யூனிட் கணக்கில் பணம் கட்டாத நிலையில், ஒரு மணி நேரம் குறைவாக இறைப்பதால் அவர் பையில் ஒரு ரூபாயும் மிச்சமாவதில்லை. "நான் விட்டுவைக்கிற தண்ணீரைப் பக்கத்து போர் இழுத்துக்கொள்ளும்" என்று அவர் நினைப்பது இயல்பே.

பலன் ஊருக்கும் செலவு ஒருவருக்கும் என்ற இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே ஊக்கத்தொகை. ஆகவே இதைச் சலுகையாகவோ நிவாரணமாகவோ நினைக்கக் கூடாது. ஊருக்காக நீங்கள் செய்யும் ஒரு வேலைக்கான கூலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கூலி என்றால் வேலைக்கும் தொகைக்கும் பொருத்தம் உண்டா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

உலகில் பல நாடுகள் இதைச் செய்து பார்த்துள்ளன. அமெரிக்காவில் 1985 வேளாண் சட்டத்தின் கீழ், அரிமானம் அதிகமுள்ள நிலத்தைப் பயிர் செய்யாமல் புல், மரம் வளர்த்துவிட 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் அரசு ஆண்டு வாடகை தருகிறது. கோஸ்டாரிகா 1997 முதல், காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்குப் பணம் தருகிறது. அதற்கு எரிபொருள் வரியிலிருந்து நிதி ஒதுக்கியது. சீனா 1999 முதல், சரிவு நிலங்களில் பயிரை விட்டு மரம் வைத்தவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது. நம் நாட்டில் அரியானா 2020-இல், நெல்லுக்குப் பதில் நீர் குறைவாகத் தேவைப்படும் பயிருக்கு மாறியவர்களுக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் அறிவித்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. விவசாயி இழப்பதற்கு ஈடாகத் தொகை இருக்க வேண்டும், சொன்ன தேதியில் வர வேண்டும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்த முறை அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

முதலில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

திட்ட விதிகள் எக்டர், ஏக்கர் கணக்கில் இருக்கும். நம் ஊரில் பேச்சு குழி, காணி கணக்கில். புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. அதன்படி:

• 1 காணி = சுமார் 1.32 ஏக்கர் = சுமார் 53.5 ஆர்
• 1 ஏக்கர் = சுமார் 75½ குழி
• 1 எக்டர் = சுமார் 187 குழி
• 20 எக்டர் தொகுப்பு = சுமார் 37½ காணி
• 50 எக்டர் தொகுப்பு = சுமார் 93½ காணி

தமிழ்நாட்டின் சில பகுதிகளில் குழி என்றால் வேறு அளவு. எல்லையோரம் இரு பக்கமும் நிலம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முக்கியத் திட்டங்கள்

1. தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 2,481 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. நாடு முழுவதும் 15,000 தொகுப்புகள், 7.5 லட்சம் எக்டர், ஒரு கோடி விவசாயிகள் என்பது இலக்கு. ஒரு தொகுப்பு சுமார் 50 எக்டர். இயற்கை முறைக்கு மாறும் விவசாயிக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு ஊக்கத்தொகை. ஒருவருக்கு ஒரு ஏக்கர் வரை மட்டும். ஜீவாமிர்தம், பீஜாமிர்தம் போன்றவற்றைத் தயாரித்து விற்க உயிரி இடுபொருள் மையங்களும், வழிகாட்டப் பயிற்சி பெற்ற கிருஷி சகிகளும் இத்திட்டத்தில் உண்டு.

2. பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா

2015-16 முதல் நடக்கும் அங்கக வேளாண்மைத் திட்டம் இது. 20 எக்டர் தொகுப்பாகச் சேர வேண்டும். இப்போதைய விதிப்படி எக்டருக்கு மூன்று ஆண்டுக்கு 31,500 ரூபாய். இந்த முழுத் தொகையும் உங்கள் கைக்கு வராது. விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது 15,000 ரூபாய். பயிற்சிக்கு 9,000, விற்பனை, பெட்டியிடுதல், மதிப்புக் கூட்டுதலுக்கு 4,500, சான்றிதழ் மற்றும் எச்சப் பரிசோதனைக்கு 3,000 ரூபாய். ஒருவருக்கு 2 எக்டர் வரை தரப்படும்.

நம் கணக்கில், ஒரு காணிக்கு மூன்று ஆண்டில் கைக்கு வருவது சுமார் 8,000 ரூபாய். அதாவது ஆண்டுக்குச் சுமார் 2,675 ரூபாய். "எக்டருக்கு 31,500" என்று மட்டும் கேட்டுச் சேர்ந்தவர்கள் பிறகு ஏமாற்றமடைவது இதனால்தான்.

இத்திட்டத்தில் தரப்படும் பி.ஜி.எஸ். சான்றிதழ் குழுச் சான்றிதழ். குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். மாறும் காலத்தில் 'பசுமை' நிலை, முழுமையாக மாறிய பின் 'அங்கக' நிலை. குழுவில் ஒருவர் இரகசியமாக யூரியா போட்டால் பாதிப்பு எல்லோருக்கும்.

3. சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனம்

'ஒரு துளி நீரில் அதிக விளைச்சல்' திட்டத்தில், நிர்ணயிக்கப்பட்ட அலகுச் செலவில் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் மானியம் என்பது மத்திய விதி. அதற்கு மேல் மாநில, யூனியன் பிரதேச அரசுகள் கூடுதல் பங்கு சேர்ப்பதும் உண்டு. அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விகிதத்தை உழவர் உதவியகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு 5 எக்டர் வரை மானியம் உண்டு.

கரும்பு, வாழை, காய்கறி, தென்னை, மணிலா சாகுபடிக்கு இது ஏற்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சொட்டுநீர் போட்டதும் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை காணியைப் பாசனத்துக்குக் கொண்டுவந்தால், உங்களுக்கு வருமானம் கூடும், நிலத்தடி நீர் கூடாது. கடலோரக் கிராமங்களில் இருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

4. மண்வள அட்டை

2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்டது. இதில் பணம் வராது. ஆனால் மற்ற எல்லாத் திட்டங்களுக்கும் இதுவே அடிப்படை. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய சத்துகளுடன் கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் என 12 அளவுகள் அட்டையில் இருக்கும். திட்டத்தில் சேரும் முன் எடுத்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டு கழித்து அங்ககக் கரிமம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

கூடவே கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். நீரின் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமன்/மீட்டருக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் பயிர்த் தேர்வில் கவனம் வேண்டும். 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து. நெல்லைவிட உளுந்து, பச்சைப்பயறு உப்புக்குச் சீக்கிரம் பாதிக்கப்படும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

இயற்கை வேளாண்மை இயக்கத்தின் 4,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதாவது கிலோ 23 ரூபாய் 69 காசு. அந்தக் கணக்கில் 4,000 ரூபாய் என்பது சுமார் 169 கிலோ நெல். 75 கிலோ மூட்டையில் இரண்டே கால் மூட்டை.

இனி, ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350 ரூபாய் என்றால் மிச்சமாகும் உரச்செலவு 1,883 ரூபாய். ஊக்கத்தொகையுடன் சேர்த்தால் 5,883 ரூபாய். இது சுமார் 248 கிலோ நெல்லுக்குச் சமம்.

அடுத்து, கூடும் செலவைக் கழிக்க வேண்டும். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் நீரில் 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் வேண்டும். இது ஒரு ஏக்கருக்கு ஒரு முறைக்கான அளவு. ஒரு போகத்துக்குப் பல முறை விட வேண்டும். களை எடுக்கும் ஆள் கூலியும் கூடும். இவற்றுக்கு 2,000 ரூபாய் கூடுதலாக ஆகிறது என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 3,883 ரூபாய், அதாவது சுமார் 164 கிலோ.

ஆக, மகசூல் ஏக்கருக்கு இரண்டு மூட்டை வரை குறைந்தால் தாங்கலாம். நான்கு மூட்டை குறைந்தால் கைநஷ்டம். மேலும் இந்தத் தொகை ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டு போகம் வைப்பவர் இந்த ஈட்டை இரண்டு போகத்துக்கும் பங்கிட்டுப் பார்க்க வேண்டும். மாட்டு எரு வீட்டிலேயே உள்ளவருக்கும் விலைக்கு வாங்குபவருக்கும் கணக்கு வேறு. உங்கள் செலவை உங்கள் நோட்டில் இதே வரிசையில் எழுதிப் பாருங்கள்.

மண்ணில் அங்ககக் கரிமம் குறைவாக இருந்து, இரசாயன உரத்தையே நம்பியிருந்த வயலில் முதல் இரண்டு ஆண்டு மகசூல் சரிவது எதிர்பார்க்க வேண்டியது. ஆகவே முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டுக்கு விளைவிக்கும் 25 அல்லது 30 குழியில் தொடங்கலாம். அதற்கு முன் ஒரு போகம் பசுந்தாள் உரம் போட்டு மண்ணைத் தயார் செய்வது நல்லது.

ஊக்கத்தொகை இல்லாவிட்டாலும் லாபம் தரும் இரண்டு முறைகள்

பசுந்தாள் உரம்: சம்பாவுக்கு முன் கிடைக்கும் மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 25 முதல் 35 கிலோ தழைச்சத்து மண்ணில் சேரும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20.7 கிலோ தழைச்சத்துதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும். கடலோரப் பாகூர் நிலங்களுக்கு இது கூடுதல் நன்மை.

காய்ச்சலும் பாய்ச்சலும்: 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் அடிப்பாதியைச் சுற்றித் துளையிட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயல் காயக் கூடாது. மகசூல் குறையாமல் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும். தொடர்ந்து நீர் நிற்கும் வயலில் உண்டாகும் மீத்தேன் வாயுவும் பெருமளவு குறையும்.

கார்பன் கிரெடிட் என்று வருபவர்களிடம் கேட்க வேண்டியவை

மீத்தேன் குறைவதற்குத் தொழிற்சாலைகளிடமிருந்து பணம் பெற்றுத் தருவதாகச் சில நிறுவனங்கள் நெல் விவசாயிகளை அணுகுகின்றன. இது உண்மையான சந்தைதான். ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உலகளவில் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு, நெல் வயலுக்கான பழைய கணக்கீட்டு முறையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. பின்னர் கண்டிப்பான புதிய முறையைக் கொண்டு வந்தது. விவசாயி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலும் கணக்கு எழுதியவர் சரியாக எழுதாவிட்டால் பணம் வராமல் போகலாம்.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? தமிழில் நகல் தருவீர்களா? கிரெடிட் விற்காவிட்டாலும் எனக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா? விற்ற பணத்தில் என் பங்கு எத்தனை சதவீதம்? நிலத்தை விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ என்ன ஆகும்? நடுவில் விலகினால் அபராதம் உண்டா? இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் நில ஆவண நகலைக் கொடுக்க வேண்டாம்.

குத்தகை விவசாயிகளின் நிலை

நம் இரு கொம்யூன்களிலும் நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது என்ற நிலை பரவலாக உள்ளது. பெரும்பாலும் வாய்வார்த்தைக் குத்தகை. திட்டம் பட்டாவைக் கேட்கிறது. பட்டா நகரத்தில் இருப்பவரிடம் உள்ளது. மண்ணை மாற்றும் வேலையைச் செய்பவருக்கு ஆவணம் இல்லை, ஆவணம் உள்ளவருக்கு மண்ணில் வேலை இல்லை. மண் பாதுகாப்புத் திட்டங்கள் நம் பகுதியில் பரவாததற்கு இது முக்கியமான காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மண்வளம் கூட மூன்று ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் எதற்காக எரு அடித்து மண்ணை வளமாக்க வேண்டும்? உரிமையாளருக்கோ, எழுத்தில் எதையாவது கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம்.

இரு தரப்பும் ஏற்கக்கூடிய வழி, உரிமையாளர் ஒரு சம்மதக் கடிதம் தருவது. அதில் சர்வே எண், பரப்பு, எந்தத் திட்டம், எத்தனை ஆண்டு, ஊக்கத்தொகை யார் கணக்குக்கு வரும், அதில் பங்கு எப்படி என்பவை மட்டும் இருந்தால் போதும். ஊக்கத்தொகை உரிமையாளர் கணக்குக்குத்தான் வரும் என்றால், அதற்கு ஈடாகக் குத்தகை நெல்லில் எத்தனை மூட்டை குறைப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை ஒப்பந்தமாகவே எழுதினால் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்படிச் செய்ய விரும்புபவர்கள் சட்ட ஆலோசனை பெற்றுச் செய்வது நல்லது. கடிதம் இருந்தால் ஏற்பீர்களா என்று உழவர் உதவியகத்தில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். மண்ணில் கரிமம் ஏறினால், கிணறு உவராமல் இருந்தால், மதிப்புக் கூடுவது உங்கள் நிலத்துக்குத்தான். அந்த வேலையைச் செய்பவருக்கு மூன்று ஆண்டு உறுதி தருவது உங்களுக்கே லாபம்.

தனியாகச் சேருவதா, ஊராகச் சேருவதா?

ஏரி ஆயக்கட்டில் வயலுக்கு வயல் தண்ணீர் வழிந்து போகிறது. மேல்மடையில் பூச்சிமருந்து அடித்தால் அது கீழ்மடை இயற்கை வயலுக்கும் வரும். ஆகவே இங்கு தொகுப்பு அமைப்பவர்கள் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சேர்க்காமல், ஒரே மடையில் பாயும் நிலங்களைச் சேர்க்க வேண்டும். ஒரு மடையின் கீழ் 37½ காணி ஒன்றாக வந்தால் தொகுப்பும் ஆயிற்று, தண்ணீரும் சுத்தமாயிற்று. அது முடியாத இடத்தில், மேட்டுப் பகுதியில் தனிக் கிணறு உள்ள வயல்களிலிருந்து தொடங்கலாம். எல்லையில் அகலமான வரப்பும், அதில் அகத்தி, கிளைரிசிடியா வரிசையும் வைத்தால் தடுப்பாகவும் இருக்கும், தழையும் கிடைக்கும்.

கூட்டாக நீரை நிர்வகிப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வாய்க்கால், மடை பராமரிப்பைப் பார்த்துக்கொண்டதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். 1999-இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கத் திட்டமிடப்பட்டது. ஒவ்வோர் ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கம் என்பதே அதன் அடித்தளம்.

இதில் ஒரு பாடம் உண்டு. தூர்வாரும் வேலையை நிதி வந்தால் யாரும் செய்யலாம். அடுத்த பத்தாண்டு மடையைத் திறந்து மூடி, வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்வதற்குச் சங்கம் வேண்டும். திட்டம் முடிந்ததும் கூட்டம் போடுவதை நிறுத்திய சங்கத்தின் ஏரியில் மீண்டும் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும்தான் வளரும். கூட்டத்தைத் தொடரவும் வரவு செலவை ஊருக்கு முன் படிக்கவும் பழகிய சங்கம், அடுத்த திட்டத்தையும் தானே வாங்கி நடத்த முடியும். உங்கள் ஊரில் பழைய சங்கத்தின் பதிவு இன்னும் இருந்தால் அதைப் புதுப்பித்து, இயற்கை வேளாண் தொகுப்புக்கும் அதையே பயன்படுத்தலாம்.

நிலத்தடி நீருக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு கடலோரக் கிராமத்தில் இருவர் மட்டும் நவரை நெல்லை விட்டு உளுந்து வைத்தால் கடல்நீர் நிற்காது. கிணற்று நீர் நன்றாக உள்ள பகுதியில் முப்பது பேர் சேர்ந்து நவரைக்குப் பயறு, மணிலா, எள் என்று மாறினால் நீர்மட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

சேரும் முன் தயார் செய்ய வேண்டியவை

• நில ஆவண நகல். 'நிலமகள்' இணையதளத்தில் உங்கள் பெயரும் பரப்பும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனுக் கொடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும்.
• ஆதாருடன் இணைத்த, நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு. பணம் வராமல் திரும்புவதற்குக் கணக்கு முடங்கியிருப்பது ஒரு முக்கியக் காரணம்.
• மண், நீர் பரிசோதனை முடிவு.
• பயிர் நாட்குறிப்பு. விதைத்த தேதி, இட்ட பொருள், செலவு, மகசூல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சான்றிதழுக்கும் இதுவே ஆதாரம்.
• விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு. தேதி, முத்திரையுடன் வாங்குங்கள்.
• ஒரே நிலத்தை இரண்டு திட்டத்தில் எழுதும் முன், அப்படிச் செய்ய விதி அனுமதிக்கிறதா என்று அதிகாரியிடம் கேளுங்கள்.

எந்தச் சூழலில் சேராமல் இருப்பது நல்லது?

அடுத்த ஆண்டு நிலத்தை விற்கவோ மனை போடவோ எண்ணியிருந்தால் மூன்றாண்டுத் திட்டத்தில் பெயர் கொடுத்துத் தொகுப்பை உடைக்க வேண்டாம். குடும்ப வருமானம் முழுவதும் இந்த ஒரு போகத்தையே நம்பியிருந்தால் முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். ஊக்கத்தொகையை நம்பி வெளியில் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். அரசுத் தொகை தாமதமாகலாம், வட்டி தாமதமாகாது. விலக நேர்ந்தால் குழுவுக்கும் உழவர் உதவியகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து விலகுங்கள்.

எங்கு அணுகலாம்?

உங்கள் பகுதி உழவர் உதவியகமே முதல் இடம். நடப்பு ஆண்டில் எந்த ஊருக்குத் தொகுப்பு ஒதுக்கியுள்ளார்கள், எத்தனை இடம் மீதி என்பதை அங்கு தெரிந்துகொள்ளலாம். பயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆலோசனைக்கும் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நிலத்தடி நீர் குறித்த அனுமதிக்கும் விவரங்களுக்கும் வேளாண் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு உள்ளது. தனியாகப் போவதைவிட ஒரே மடைக்காரர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து, ஆவணங்களுடன் போனால் வேலை சீக்கிரம் நடக்கும். சம்பா விதைப்புக்கு முன் கிடைக்கும் ஆடி, ஆவணி மாதங்களே தக்கைப்பூண்டு விதைக்கவும் மண் மாதிரி எடுக்கவும் பெயர் பதியவும் ஏற்ற காலம்.